காரணம் இருக்கிறது என்பதற்காக மனச்சோர்வைச் சும்மா விடலாமா?

மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையிலிருந்து ஒரு மகள் தன் அப்பாவைப் பற்றி எழுதியிருக்கிறார். அப்பாவுக்கு அறுபது கடந்துவிட்டது. அம்மா இறந்து ஒன்றரை வருடம். சென்ற பெரும்போகத்தில் விளைந்த வயலை வெள்ளம் கொண்டுபோனது, நகை அடகில் இருக்கிறது. மூன்று மாதமாக அப்பா வட்டைக்கு, அதாவது வயல்வெளிக்கு, போகவில்லை. விடியற்புறம் மூன்று மணிக்கே எழுந்து திண்ணையில் இருக்கிறார். சோறு இறங்குவதில்லை, வெற்றிலை போடுவதையும் விட்டுவிட்டார். நெஞ்சு எரிகிறது, பெலன் இல்லை என்கிறார். இதயப் பரிசோதனையில் ஒன்றும் இல்லை. கோயிலில் நூல் கட்டியாயிற்று. இவ்வளவு நடந்தால் யாருக்குத்தான் மனம் உடையாது, இதற்கு எதற்கு ஆஸ்பத்திரி என்கிறார்கள் உறவினர்கள். இது நோய்தானா, குளிசை தொடங்கினால் அதற்கே அடிமையாகிவிடுவாரா, மனநலக் கிளினிக்குக்குக் கூட்டிப்போனால் தங்கையின் கல்யாணப் பேச்சு கெட்டுப்போகுமா என்று கேட்கிறார்.

மகள், நான் மட்டக்களப்பு மாவட்டத்தில் மனநலப் பிரிவில் தாதியாக வேலை செய்து ஓய்வு பெற்றவள். கண்ணால் பார்க்காத ஒருவருக்கு நோயின் பெயரை நான் சூட்ட முடியாது. அது மருத்துவரின் வேலை. ஆனால் நீங்கள் எழுதியதைப் படித்த பிறகு, இந்த வாரமே அவரைக் கூட்டிப்போங்கள் என்று தயங்காமல் சொல்வேன். அதற்கும் முன்னால், இன்று இருட்டுவதற்குள் செய்ய வேண்டிய ஒன்று இருக்கிறது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

வயலுக்கு அடிக்கும் மருந்துகள் எங்கே இருக்கின்றன? பூச்சிநாசினியோ களைநாசினியோ, வீட்டிலும் வயல் குடிசையான வாடியிலும் ஒரு போத்தல்கூட இருக்க வேண்டாம். நம்பிக்கையான ஒருவர் வீட்டில் பூட்டிவைக்கச் சொல்லுங்கள். அம்மாவின் பழைய குளிசைகள் மிச்சம் இருந்தால் அவற்றையும் அப்புறப்படுத்துங்கள். அப்பா அப்படிப்பட்டவர் இல்லை என்று நீங்கள் நினைக்கலாம். அப்படிப்பட்டவர் என்று தனியாக ஒரு வகை மனிதர் இல்லை. 1995-ஆம் ஆண்டளவில் இலங்கையில் ஒரு இலட்சம் பேருக்கு ஏறத்தாழ 47 பேர் தற்கொலையால் இறந்தார்கள். உலகிலேயே மிக உயர்ந்த வீதங்களில் அது ஒன்று. அவற்றில் பெரும்பகுதிக்குக் காரணம் கிராமத்து வீடுகளில் கைக்கெட்டும் தூரத்தில் இருந்த வயல் மருந்து. அந்த ஆண்டிலிருந்து அரசு கொடிய நஞ்சுள்ள வயல் மருந்துகளைப் படிப்படியாகத் தடை செய்தது. 1998-இல் எண்டோசல்பான் என்ற பூச்சிநாசினி நிறுத்தப்பட்டது, 2008-க்குப் பிறகு பரகுவாட் என்ற களைநாசினி முதலியவை நிறுத்தப்பட்டன. இருபது ஆண்டுகளில் வீதம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காக இறங்கியது. அந்த இருபது ஆண்டுகளில் நாட்டில் துயரம் குறைந்துவிடவில்லை, போரும் சுனாமியும் அந்தக் காலத்தில்தான் நடந்தன. குறைந்தது, அந்த ஒரு நிமிடத்தில் கைக்குக் கிடைத்த நஞ்சின் கொடுமை. சாக வேண்டும் என்ற எண்ணம் உச்சத்தில் நிற்கும் நேரம் பெரும்பாலும் மிகக் குறுகியது. அதைக் கடந்து தப்பியவர்களில் மிகப் பெரும்பாலோர் பிறகு தற்கொலையால் இறப்பதில்லை.

அப்பாவிடம் நேராகவும் கேளுங்கள். "அப்பா, இருந்து என்ன பிரயோசனம் என்று நினைப்பு வருகிறதா? உங்களுக்கு நீங்களே ஏதும் செய்துகொள்ள யோசித்தீர்களா?" இந்த வார்த்தைகளே போதும். கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே ஊட்டிவிடுவோம் என்று பலர் அஞ்சுகிறார்கள். அப்படி நடப்பதில்லை என்றுதான் ஆராய்ச்சிகளும் காட்டுகின்றன. கேட்ட மாத்திரத்தில் பலருக்கு நெஞ்சுப் பாரம் இறங்குவதை நானே பார்த்திருக்கிறேன். ஆம் என்று சொன்னாலோ, பதில் சொல்லாமல் அழுதாலோ, கிளினிக் நாளுக்குக் காத்திருக்க வேண்டாம். அன்றே, இரவானாலும், வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள்; அதுவரை ஒருவர் பக்கத்திலேயே இருக்க வேண்டும். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற எண்ணுக்கு எந்த நேரமும் பேசலாம். 1990-ஐ அழைத்தால் அம்புலன்ஸ் இலவசமாக வரும். பொலிஸ் வழக்கு வந்துவிடும் என்ற பயம் ஊர்களில் இன்னும் இருக்கிறது. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய சட்டம் 1998-இலேயே நீக்கப்பட்டுவிட்டது.

இனி, இது நோய்தானா என்ற கேள்வி. மருத்துவர்கள் இரண்டு அடையாளங்களை முதலில் தேடுவார்கள். ஒன்று, நாளின் பெரும்பகுதி நீங்காத கவலை அல்லது வெறுமை. மற்றது, முன்பு விருப்பமாகச் செய்தவற்றில் ஆசை அற்றுப்போவது. இவற்றில் ஒன்றாவது இருக்க வேண்டும். அதோடு தூக்கம், பசி, உடல் வலு, கவனம் ஆகியவற்றில் மாற்றம், பேச்சிலும் நடையிலும் மந்தம், எல்லாம் என் பிழை என்ற எண்ணம், சாவைப் பற்றிய நினைவு என்று சில சேர்ந்து, மொத்தம் ஐந்துக்குக் குறையாமல், கிட்டத்தட்ட ஒவ்வொரு நாளும், இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்து, அன்றாட வேலையைக் குழப்பினால் அது மனச்சோர்வு நோய். உங்கள் அப்பாவுக்கு மூன்று மாதம் ஆகிவிட்டது. விடியுமுன்னே விழிப்பு வந்து மறுபடி தூங்க முடியாமல் இருப்பது இந்த நோயின் நன்கு அறியப்பட்ட அடையாளம். பலருக்குக் காலையில் மனம் மிக மோசமாகவும் பின்னேரம் சற்று இலேசாகவும் இருக்கும். அப்பாவுக்கும் அப்படியா என்று கவனியுங்கள், மருத்துவர் கேட்பார். வெற்றிலையைப் பற்றிப் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அந்த வரிதான் மனதில் நின்றது. காலமெல்லாம் வெற்றிலை வட்டாவைப் பக்கத்தில் வைத்திருந்த மனிதர், யாரும் தடுக்காமல், வைத்தியர் சொல்லாமல், அதைத் திரும்பியும் பார்க்காமல் இருக்கிறார் என்றால் அவருக்குள் ஆசை என்பதே ஓய்ந்துபோயிருக்கிறது.

நம்மவர்கள் மருத்துவர் முன் உட்கார்ந்து கவலையாக இருக்கிறது என்று சொல்வது அபூர்வம். நெஞ்செரிவு, தலைப்பாரம், கைகால் உளைவு, பெலனின்மை என்றுதான் சொல்வார்கள். அது நடிப்பு அல்ல. மனச்சோர்வில் உடம்பு உண்மையாகவே வலிக்கிறது, குடல் உண்மையாகவே மந்தமாகிறது. ஒவ்வோர் உறுப்பாகப் படம் எடுத்து, தனியார் மருத்துவமனைகளில் காணி விற்ற காசைக் கொட்டி, எல்லாம் சரியாக இருக்கிறது என்ற அறிக்கைக் கட்டோடு கடைசியில் மனநலப் பிரிவுக்கு வந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அதே நேரம், உடம்பைப் பார்க்காமல் மனம்தான் என்று முடிவு கட்டுவதும் கூடாது. தைரொயிட் சுரப்பி மந்தமானாலும், இரத்தச்சோகை இருந்தாலும் ஏறக்குறைய இதே தோற்றம் வரும். நீரிழிவு உள்ளவர்களுக்கு மனச்சோர்வு வரும் வாய்ப்பும் கூடுதல். ஆகவே மருத்துவர் இரத்தப் பரிசோதனைக்கு எழுதினால் அலுத்துக்கொள்ளாதீர்கள்.

உங்கள் உறவினர்கள் சொல்வதுதான் என்னை அதிகம் கவலைப்படுத்துகிறது, ஏனென்றால் கேட்பதற்கு அது நியாயமாக இருக்கிறது. மனைவி போனாள், வயல் போனது, கடன் நிற்கிறது. மனம் உடையாமல் என்ன செய்யும்? சரிதான். ஆனால் இந்தக் கிழக்கு மண்ணில் காரணம் இல்லாத வீடு எது? 1978 சூறாவளியை நினைத்தால் இன்னும் நடுங்கும் முதியவர்கள் இருக்கிறார்கள். 1987-இலும் 1991-இலும் உங்கள் கொக்கட்டிச்சோலைப் பக்கத்தில் நடந்த படுகொலைகள், 1990-இல் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்கள் கொல்லப்பட்டது, 2019-இல் உயிர்த்த ஞாயிறன்று மட்டக்களப்பு சீயோன் தேவாலயக் குண்டுவெடிப்பில் பிள்ளைகள் இறந்தது, எல்லாம் நம் கண்முன்னே. 2004 டிசம்பர் 26 சுனாமியில் நாட்டிலேயே அதிக உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம். காரணம் இருந்தால் அது நோய் அல்ல என்று வைத்துக்கொண்டால், இந்த இரண்டு மாவட்டங்களிலும் ஒருவருக்கும் சிகிச்சை கொடுக்க முடியாது. இருட்டில் வரம்பில் நடந்ததால்தான் பாம்பு கடித்தது என்று காரணம் தெரிந்துவிட்டால் விஷம் இறங்கிவிடுமா? காரணத்தை அறிவது ஒரு வேலை, உடம்பில் ஏறியதை இறக்குவது இன்னொரு வேலை. மனச்சோர்வில் நாம் முதலாவதைச் செய்துவிட்டு இரண்டாவதை மறந்துவிடுகிறோம்.

துக்கத்துக்கும் இந்த நோய்க்கும் வேறுபாடு உண்டு. அம்மாவை நினைத்து அழுவதும், அவருடைய சாமான்களை எடுத்து வைத்துக்கொண்டு பேசாமல் இருப்பதும் துக்கம். துக்கத்தில் இருப்பவர் பேரப்பிள்ளை ஓடிவந்தால் ஒரு கணம் சிரிப்பார், இறந்தவரைப் பற்றிப் பேசினால் ஆறுதல் அடைவார், தன்னை மதிப்பற்றவராக எண்ணமாட்டார். நோய் பிடித்தவருக்குப் பேரப்பிள்ளையும் பாரமாகிவிடும். நான் இருந்து உங்களுக்கெல்லாம் கரைச்சல் என்பார். துக்கம் மெல்ல மெல்லத் தளரும், இது நாளுக்கு நாள் இறுகும். துக்கத்தில் தொடங்கி நோயாக மாறுவதும் உண்டு. உங்கள் அப்பாவுக்கு அதுதான் நடந்திருக்கலாம் என்று நினைக்கிறேன்.

அதே வெள்ளம் பக்கத்து வயல்காரருக்கும் வந்ததே, அவர் எழுந்து நடமாடுகிறாரே என்று யாராவது ஒப்பிட்டால் வாயை அடைத்துவிடுங்கள். யாருக்கு வரும் என்பதைத் தைரியம் தீர்மானிப்பதில்லை. பெற்றோருக்கோ உடன்பிறப்புக்கோ இந்த நோய் இருந்தால் ஒருவருக்கு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட இரண்டு மூன்று மடங்கு. சிறுவயதில் பட்டவை, நீண்டகால நோய், தனிமை, கடன் எல்லாம் அதில் சேரும். மூளையில் ஒரேயொரு இரசாயனம் குறைந்துவிட்டது என்ற எளிய விளக்கம் முழு உண்மை அல்ல. தூக்கம், பசி, உற்சாகம், நினைவு ஆகியவற்றை ஆளும் பல அமைப்புகள் ஒன்றாகத் தடம் மாறுகின்றன. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் 28 கோடிக்கும் மேற்பட்டோர் இந்த நோயோடு வாழ்கிறார்கள்.

நூல் கட்டியதைப் பற்றி உங்களைக் கடிந்துகொள்ள மாட்டேன். கண்ணகை அம்மன் சடங்குக் காலத்தில் கோயில் முற்றத்தில் ஊரோடு சேர்ந்து இருப்பது பல மனங்களைத் தாங்கியிருக்கிறது. ஓட்டமாவடியிலும் அக்கரைப்பற்றிலும் என் நோயாளிகள் மௌலவியிடம் தண்ணீர் ஓதிக் குடித்துவிட்டுத்தான் எங்களிடம் வருவார்கள், நாங்கள் வேண்டாம் என்று சொன்னதே இல்லை. ஒன்றில் மட்டும் உறுதியாக இருங்கள். குளிசையை நிறுத்தினால்தான் என் பரிகாரம் பலிக்கும் என்று யார் சொன்னாலும், அவர் எவ்வளவு பெரியவரானாலும், கேட்காதீர்கள். அடித்தோ பட்டினி போட்டோ பேய் ஓட்டுவதாகச் சொல்பவரிடமும் அப்பாவை ஒப்படைக்காதீர்கள்.

எங்கே போவது? மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையிலும், களுவாஞ்சிக்குடி, வாழைச்சேனை, கல்முனை போன்ற ஆதார வைத்தியசாலைகளிலும் மனநலக் கிளினிக் நடக்கிறது. கட்டணம் இல்லை. ஒரு காலத்தில் இங்கிருந்து கொழும்புக்கு அருகே அங்கொடையில் உள்ள மனநல வைத்தியசாலைக்கு அனுப்புவதைத் தவிர வேறு வழி இல்லாத நிலை. போர் நடந்துகொண்டிருந்த 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் மனநல மருத்துவர் மகேசன் கணேசன் மட்டக்களப்பு மாவட்டத்தில் இந்தச் சேவையை ஏறக்குறைய ஒன்றுமில்லாத நிலையிலிருந்து கட்டியெழுப்பினார். அதனால்தான் இன்று ஊருக்குப் பக்கத்திலேயே பார்க்க முடிகிறது. 2014-இல் மண்முனைப் பாலம் திறந்த பிறகு உங்கள் பக்கத்தவர்கள் துறையில் பாதைப் படகுக்காகக் காத்து நிற்கவும் தேவையில்லை. கிளினிக் நாள் தெரியாவிட்டால் பக்கத்து வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவில் காட்டுங்கள், அங்கிருந்து துண்டு எழுதி அனுப்புவார்கள். பிரதேச செயலகத்தில் உளவளத்துணை உத்தியோகத்தர் இருந்தால் அவரிடமும் பேசலாம். அப்பா மனநலம் என்ற சொல்லைக் கேட்டு மறுத்தால், தூக்கத்துக்கும் பெலனுக்கும் மருந்து எடுக்கப் போவோம் என்று கூப்பிடுங்கள். அது பொய் அல்ல, அவருக்கு வேண்டியதும் அதுதான்.

அடிமையாவாரா என்று கேட்டீர்கள். மனச்சோர்வுக்குப் பொதுவாகத் தொடங்கும் ஃபுளூவோக்ஸெடின், செர்ட்ரலின் போன்ற குளிசைகள் போதை தருபவை அல்ல. கூட்டிக்கூட்டிக் குடிக்க வேண்டும் என்ற வேட்கை வராது. திடீரென்று நிறுத்தினால் தலைச்சுற்று, எரிச்சல், தூக்கக் குழப்பம் வரலாம், அதனால் நிறுத்தும்போது மருத்துவர் படிப்படியாகக் குறைப்பார். பழகிப்போகும் ஆபத்து உள்ளது வேறு வகை. டயசிபாம் போன்ற தூக்கக் குளிசைகளைப் பார்மசியில் தானே வாங்கி மாதக்கணக்கில் போடுபவர்களுக்குத்தான் அது நேர்கிறது. ஊரில் இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள்.

இந்தக் குளிசைகளின் கஷ்டம் வேறு. முதல் வாரத்திலேயே பலருக்குக் குமட்டல், தலைவலி, ஒரு பதற்றம் தொடங்கிவிடும். பலனோ இரண்டு முதல் நான்கு வாரம் கழித்துத்தான் தெரியத் தொடங்கும், முழுதாகத் தெரிய ஆறு எட்டு வாரம் ஆகலாம். கெட்டது முதலில், நல்லது பிறகு. ஐந்தாம் நாள், இது ஒத்துவரவில்லை என்று கூரையில் செருகிவைத்தவர்களின் வீடுகளுக்கு நான் தேடிப் போயிருக்கிறேன். அந்த வாரங்களைத் தாண்டவைப்பது உங்கள் கையில் இருக்கிறது. அந்தக் காலத்தில் கவனம் கூடுதலாகவும் வேண்டும். மனம் தெளிவதற்கு முன்னமே உடம்பில் வலு திரும்பிவிடுவது உண்டு, விபரீத எண்ணம் இருந்தவர்களுக்கு அது ஆபத்தான இடைவெளி. முதல் மருந்து எல்லோருக்கும் பொருந்துவதில்லை; அளவையோ மருந்தையோ மாற்ற வேண்டி வந்தால் அதைத் தோல்வி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அப்பா இரத்தம் உறையாமல் இருக்க அஸ்பிரின் எடுக்கிறாரா, பிரஷர் குளிசை எடுக்கிறாரா, நாட்டு வைத்தியரான பரிசாரியின் மருந்து ஏதும் குடிக்கிறாரா என்று எல்லாவற்றையும் சொல்லுங்கள், சிலவற்றோடு இது சேரக் கூடாது. சாராயமோ கசிப்போ குடிப்பவரானால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். நம் ஆண்களில் பலர் மனச்சோர்வைக் குடியால் மூடுகிறார்கள். குடியோ நோயை இன்னும் ஆழமாக்குகிறது. முன்பு எப்போதாவது தூக்கமே இல்லாமல் அளவுக்கு மீறிய உற்சாகத்தோடு, காசை வாரி இறைத்து, ஓயாமல் பேசித் திரிந்த காலம் இருந்ததா என்பதும் முக்கியம். அப்படி இருந்தால் நோய் வேறு, மருந்தும் வேறு.

குணமானதும் நிறுத்திவிடக் கூடாது. நன்றாகத் தேறிய பிறகும் ஆறு மாதத்துக்குக் குறையாமல், சிலருக்கு ஓராண்டு வரை, தொடர வேண்டும். ஒரு தடவை வந்தவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்குப் பின்னொரு காலத்தில் மறுபடி வரக்கூடும். இடையில் விட்டவர்களுக்கு அது சீக்கிரமே வரும்.

குளிசை மட்டும்தான் வழி என்று நினைக்க வேண்டாம். நோய் இலேசாக இருந்தால் முறையாகப் பயின்றவரோடு பேசும் சிகிச்சையே போதும், கடுமையானால் இரண்டும் சேர்ந்து நல்ல பலன் தரும். வீட்டில் நீங்கள் செய்யக்கூடியதும் அந்தச் சிகிச்சையின் ஒரு பகுதிதான். மனம் வந்தால் எழும்பட்டும் என்று காத்திருந்தால் மனம் வராது. சிறிய வேலை ஒன்றைச் செய்தபின்தான் மனம் சற்று அசையும். வட்டைக்குப் போங்கள் என்று விரட்டாதீர்கள். வாருங்கள் அப்பா, வாய்க்கால் வரைக்கும் போய் வருவோம் என்று கூடவே நடங்கள். அடுத்த நாள் மாட்டுக்குத் தண்ணீர் வைக்கட்டும். ஒரே நேரத்தில் குளிப்பும் சாப்பாடும் நடக்கட்டும், சாப்பாடு கொஞ்சமானாலும் பரவாயில்லை. மனதைத் தைரியமாக வைத்திருங்கள் என்று வருவோர் போவோரெல்லாம் சொல்வதை நிறுத்துங்கள். முடிந்திருந்தால் அவர் எப்போதோ வைத்திருப்பார். அடகைப் பற்றியும் கடனைப் பற்றியும் பெரிய முடிவு எதையும் இப்போது அவரை எடுக்கவிடாதீர்கள். இந்த நோய் எல்லாக் கணக்கையும் நட்டமாகவே காட்டும், காணியை அடிமாட்டு விலைக்குக் கொடுத்துவிட்டுத் தேறிய பிறகு வருந்தியவர்கள் உண்டு.

தங்கையின் கல்யாணம். ஊர் பேசும் என்பதை நான் மறுக்க மாட்டேன், பேசுகிறதுதான். ஆனால் மூன்று மாதமாகத் திண்ணையில் அசையாமல் இருப்பவரை ஊர் ஏற்கெனவே பார்த்துக்கொண்டுதான் இருக்கிறது. மறைக்கக்கூடிய நிலையில் இருப்பது கிளினிக்குக்குப் போவது, நோய் அல்ல. மனநலப் பிரிவும் பொது வைத்தியசாலைக்குள்தான் இருக்கிறது, கையில் இருப்பதும் மற்றக் கிளினிக்குகளைப் போல ஒரு கொப்பிதான். அங்கே சொல்வதை வெளியே சொல்லக்கூடாது என்பது எங்கள் தொழிலின் கட்டுப்பாடு. ஊரவர் கண்ணில் படக்கூடாது என்றால் பக்கத்து வைத்தியசாலையை விட்டு மட்டக்களப்புக்கோ கல்முனைக்கோ போகலாம். அப்பாவுக்கு இருப்பதால் பிள்ளைகளுக்கும் கட்டாயம் வரும் என்று யாராவது சொன்னால் அதுவும் தவறு. வாய்ப்புச் சற்றுக் கூடுதலே தவிர, பெரும்பாலான பிள்ளைகளுக்கு வருவதில்லை. இதையெல்லாம் கேட்ட பிறகும் பின்வாங்கும் சம்பந்தம் இருந்தால், உங்கள் தங்கைக்கு அந்த வீடு வேண்டாம்.

போகும் நாளில் அவர் குடிக்கும் எல்லா மருந்துகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப்போங்கள், இதயப் பரிசோதனை அறிக்கையையும் சேருங்கள். எப்போது தொடங்கியது, எத்தனை மணிக்கு விழிக்கிறார், எவ்வளவு சாப்பிடுகிறார், என்ன சொல்லிப் புலம்புகிறார் என்று ஒரு தாளில் எழுதுங்கள், மருத்துவர் முன் போனால் மறந்துவிடும். அப்பா முன்னால் சொல்ல முடியாதது இருந்தால் தனியே பேச வேண்டும் என்று தாதியிடம் முதலிலேயே சொல்லிவையுங்கள். காலையில் கூட்டம் அதிகம், காத்திருக்க அவருக்குப் பொறுமை இருக்காது; முடிந்தால் இருவராகப் போங்கள், ஒருவர் வரிசையில் நிற்க மற்றவர் அவரோடு வெளியே மர நிழலில் இருக்கலாம். வெளியே வருமுன் அடுத்த தேதியைக் கேட்டுக் கொப்பியில் எழுதி வாங்குங்கள். முதல் மாதத்தில் இரண்டு வாரத்துக்கு மேல் தள்ளிக் கொடுத்தால், இடையில் வந்து காட்டலாமா என்று நீங்களே கேளுங்கள்.